குடும்பத்தோடு ஒரு நாள் பாய்மரப் பயணம்: தீவுகளுக்கிடையே ஓடி நங்கூரமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் துறையிலிருந்து கிளம்பி, அருகிலுள்ள தீவுகளின் ஒதுக்கில் நங்கூரமிட்டு, குளித்துச் சாப்பிட்டு, மாலைக்குள் திரும்பும் பயணத்தைப் பற்றிய கேள்விகள் இவை. படகு 9 அல்லது 10 மீட்டர் நீளமுள்ள சாதாரணப் பாய்மரப் படகு என்றும், பாய் ஓட்டத் தெரிந்த ஒருவராவது அதில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். பாய் ஓட்டக் கற்றுத்தரும் பாடத்தை இங்கே தேட வேண்டாம்.

ஒரே நாளில் எத்தனை தீவுகளுக்குப் போகலாம்?

இரண்டு. வரைபடத்தைப் பார்க்கும்போது நான்கு முடியும் என்றுதான் தோன்றும்.

கணக்கு இதுதான். இந்த அளவுப் படகு நல்ல காற்றில் சராசரியாக 5 நாட் வேகத்தில் போகும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். மிதமாகச் சைக்கிள் மிதிப்பவர் உங்களை முந்திவிடுவார். போக வேண்டிய இடம் காற்று வரும் திசையிலேயே இருந்தால் நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறிக் குறுக்கே ஓடித்தான் முன்னேற வேண்டும். பத்து மைல் தூரம் அப்போது பதினான்கு மைலுக்கு மேல் ஆகிவிடும். நங்கூரம் போட அரை மணி, எடுக்கக் கால் மணி, கரைக்குப் போய் வர ஒரு மணி என்று சேர்த்தால் பகல் கரைந்துவிடும்.

குழந்தைகள் இருந்தால் ஒரு ஓட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பாய் விரித்து ஓடுவதுதான் பயணம். குழந்தைகளுக்கோ நங்கூரம் போட்ட பிறகுதான் பயணமே தொடங்குகிறது. பொழுதின் பெரும்பகுதியை நின்ற படகில் கழிக்கும்படி திட்டமிட்டவர்கள்தான் அடுத்த முறையும் வீட்டில் எல்லோரையும் கிளப்ப முடிகிறது.

நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

பின்னாலிருந்து முன்னோக்கி. சூரியன் மறையும் நேரத்தை எழுதுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு துறைக்குத் திரும்பியாக வேண்டும் என்று கோடு போடுங்கள். திரும்பும் ஓட்டத்துக்கான நேரத்தை, என்ஜினில் ஓடும் கணக்கில் போடாமல் மெதுவான காற்றில் ஓடும் கணக்கில் கழியுங்கள். கடைசி நங்கூரத்தை எப்போது தூக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிடும். அந்த நேரத்தைப் படகில் உள்ள எல்லோருக்கும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். பிற்பகலில் சொன்னால் பேரம் பேசுவார்கள்.

பாறையும் பவளமும் உள்ள நீரில் இன்னொரு கட்டாயமும் உண்டு. சூரியன் உச்சியில் அல்லது முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் நீரின் அடி தெரியும். வெளிர்பச்சை என்றால் ஆழமில்லாத மணல், கரும்பழுப்பு என்றால் பாறை அல்லது பவளம், அடர்நீலம் என்றால் ஆழம். வெயில் சாய்ந்து எதிரே வந்துவிட்டால் நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே வெள்ளித் தகடுதான். புதிய இடத்தில் நங்கூரமிடுவதானால் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள்.

எந்தத் தீவுக்கு முதலில் போவது?

காற்று வரும் பக்கம் உள்ள தீவுக்கு. கடினமான ஓட்டத்தை எல்லோரும் தெம்பாக இருக்கும் காலையில் முடித்துவிடலாம். களைத்த பிறகு திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.

ஆனால் தெளிவான வெயில் நாட்களில் கடற்கரையோரக் காற்று நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று பாய்கிறது. இந்தக் கடற்காற்று முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு உச்சத்தை எட்டி, பொழுது சாயும்போது அடங்கும். காலை ஒன்பது மணிக்குப் பளிங்காகக் கிடக்கும் கடலைப் பார்த்து மதியத் திட்டத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.

காற்று முதுகில் இருக்கும்போது ஒரு மயக்கம் உண்டு. 15 நாட் காற்றில் அதே திசையில் 5 நாட் வேகத்தில் ஓடினால் முகத்தில் படுவது 10 நாட் மட்டுமே. சட்டையைக் கழற்றிவிட்டு இளைப்பாறத் தோன்றும். அதே படகைக் காற்றை நோக்கித் திருப்பினால் படுவது கிட்டத்தட்ட 19 நாட். காற்று ஒன்றேதான், உணர்வு இரட்டிப்பாகிவிடுகிறது. திரும்புவதற்கு முன் பாயைச் சுருக்கிவிட்டால் இந்த அதிர்ச்சி இல்லை.

எவ்வளவு காற்றில் குடும்பத்தோடு போகலாம்?

8 முதல் 12 நாட் வரை இதமாக இருக்கும். 16-ஐத் தாண்டினால் பழகாதவர்களோடு கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த காற்றளவு முறை இன்றும் கடலோர வானிலை அறிக்கைகளில் இருக்கிறது. மூன்றாம் எண் 7 முதல் 10 நாட். அங்கங்கே ஒன்றிரண்டு அலைகளின் தலையில் வெள்ளை தெரியும். நான்காம் எண் 11 முதல் 16. வெள்ளைத் தலைகள் பரவலாகத் தெரியும். ஐந்தாம் எண் 17 முதல் 21. எங்கு பார்த்தாலும் வெள்ளை, இடையிடையே நீர்த்திவலை வந்து அறையும். கருவியே இல்லாவிட்டாலும் கரையில் நின்று வெள்ளைத் தலைகளைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காற்றின் வேகம் இருமடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகிறது. 10 நாட்டில் சிரித்துக்கொண்டு போனவர்கள் 20 நாட்டில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பாயை எப்போது சுருக்குவது என்ற கேள்விக்குப் பழைய கடலோடிகள் சொல்வதுதான் சரி: சுருக்கலாமா என்று முதன்முதலாகத் தோன்றும்போதே. குழந்தைகள் இருந்தால் அதற்கும் முன்பே. ஒரு மடிப்பு சுருக்கிய பாயோடு கிளம்பிவிட்டுப் பிறகு விரிப்பது எளிது. ஆடும் படகில் பயந்த முகங்களுக்கு நடுவே சுருக்குவது அப்படியல்ல.

வானிலை அறிக்கையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சராசரி வேகத்தைவிட, திடீரென்று பலமாக அடித்து ஓயும் வீச்சின் வேகத்தை. சராசரி 12, வீச்சு 22 என்று போட்டிருந்தால் அந்த நாள் 22 நாட் நாள். அடுத்து, காற்றின் திசை பகலில் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் காலையில் ஒதுக்காக இருந்த துறை மாலையில் காற்று வாயிலில் இருக்கும். இடிமழை என்ற சொல் அறிக்கையில் எங்கே இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். உயர்ந்த உலோகக் கம்பத்தோடு திறந்த நீரில் நிற்கும் படகை மின்னல் தாக்கலாம்.

தீவுகளுக்கு நடுவே போகும்போது திடீரென்று காற்று கூடுகிறதே, ஏன்?

இரண்டு தீவுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. முனைகளைச் சுற்றும்போதும் இதே கதைதான். உயர்ந்த தீவின் மறைவில் காற்று செத்துக் கிடக்கும். சற்று நகர்ந்தால் மலைச்சரிவிலிருந்து இறங்கும் வீச்சு பக்கவாட்டில் அடிக்கும். நீரைப் பாருங்கள். கருத்த சிற்றலைத் திட்டு ஒன்று உங்களை நோக்கி நகர்ந்து வந்தால் அதுதான் வீச்சு. அது வந்து சேரச் சில விநாடிகள் இருக்கும். பெரிய பாயின் கயிற்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த விநாடிகள் போதும்.

நீரோட்டமும் அப்படியே இடைவெளிகளில் விரைகிறது. ஓட்டம் ஒரு திசையிலும் காற்று அதற்கு எதிரிலும் இருந்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். வரைபடத்தில் ஒரு மைல் நீளமுள்ள கால்வாய்தான். ஆனால் குடும்பத்தின் பொறுமை முழுவதும் அங்கே தீர்ந்துபோகலாம். இரண்டும் ஒரே திசையில் இருக்கும் நேரம் பார்த்து அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள்.

கடல் ஏற்றமும் வற்றமும் ஒரு நாள் பயணத்தில் முக்கியமா?

ஏற்றவற்ற வேறுபாடு அரை மீட்டருக்குள் இருக்கும் கடலானால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் மாறும் கடலானால் அதுதான் உங்கள் கடிகாரம்.

பெரும்பாலான கரைகளில் உச்சியிலிருந்து அடிக்கு இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. இறக்கம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மொத்த வேறுபாடு 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் 30 சென்டிமீட்டர் இறங்கும், இரண்டாவதில் 60, மூன்றாவதிலும் நான்காவதிலும் 90, 90, ஐந்தாவதில் 60, கடைசியில் 30. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி போய்விடுகிறது. உச்சியில் நான்கு மீட்டர் ஆழம் என்று நம்பி நங்கூரம் போட்டு, கரையில் சாப்பிட்டுத் திரும்பினால் படகு மணலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த ஏற்றம் வரை யாரும் எங்கும் போக முடியாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு மிகுதி, நீரோட்டமும் கடுமை. வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆழம் பொதுவாக மிகத் தாழ்ந்த வற்றத்தைக் கொண்டு அளந்தது. அடிக்கோடிட்ட எண் இருந்தால் அந்த இடம் வற்றத்தில் நீருக்கு வெளியே வந்துவிடும் என்று பொருள்.

நங்கூரம் போட நல்ல இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்றைப் பாருங்கள்: காற்று மறைவு, அடித்தரை, சுழல இடம்.

மறைவு என்றால் காற்றுக்கு மட்டுமல்ல. காற்று ஒதுக்கில் நீர் தட்டையாக இருந்தாலும், திறந்த கடலிலிருந்து வரும் நீண்ட அலை தீவின் முனையைச் சுற்றி வளைந்து பின்பக்கத்துக்கும் வந்துவிடும். அப்போது படகு காற்றைப் பார்த்து நிற்கும், அலையோ பக்கவாட்டில் வந்து உருட்டும். பாத்திரங்கள் உருளும்; சற்று முன்பு வரை நன்றாக இருந்தவர்கள் வாந்தி எடுப்பார்கள். நங்கூரத்தை இறக்கும் முன்பு என்ஜினை மந்தமாக வைத்து ஐந்து நிமிடம் அந்த இடத்தில் மிதந்து பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அடித்தரையில் மணலும் களியும் நன்றாகப் பிடிக்கும். பாறையில் நங்கூரம் ஒன்று வழுக்கும், அல்லது இடுக்கில் மாட்டிக்கொண்டு வர மறுக்கும். கடற்புல்லின் மேல் போட்டால் பிடித்தது போலத் தோன்றி, புல்லோடு பெயர்ந்து வரும். புல்வெளியும் பவளமும் மீன்குஞ்சுகளின் வீடு. சங்கிலி ஒரு முறை அரைத்துவிட்டால் மீண்டு வர நெடுங்காலம் ஆகும். பல இடங்களில் அங்கே நங்கூரமிடத் தடையும் உண்டு. படகைக் கட்டிவைக்கும் மிதவை போட்டிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் புல்லுக்கு நடுவே தெரியும் வெளிர் மணல் திட்டைத் தேடுங்கள்.

எவ்வளவு சங்கிலி விட வேண்டும்?

முழுக்கச் சங்கிலியானால் ஐந்து மடங்கு, பெரும்பகுதி கயிறானால் ஏழு மடங்கு. எதன் மடங்கு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இப்போதுள்ள ஆழம், இனி ஏறப்போகும் நீர், நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை வரையுள்ள உயரம் ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். ஆழம் 4 மீட்டர், ஏற்றம் 2, முன்முனை 1 என்றால் கூட்டுத்தொகை 7. சங்கிலி 35 மீட்டர், கயிறானால் 49.

நீண்டு கிடக்கும் சங்கிலி தன் எடையால் தரையோடு படிந்து, நங்கூரத்தைக் கிடையாக இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் அது தரைக்குள் புதைகிறது. குட்டையாக விட்டால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரத்தைக் கிளப்பிவிடும்.

நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

இதில் மட்டும் அவசரமே கூடாது. காற்றை எதிர்கொண்டு மெதுவாக வந்து, படகு முழுவதும் நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள். தரை தொட்டதும், படகு காற்றில் தானாகப் பின்வாங்கும். அந்த வேகத்துக்கே சங்கிலியை விட்டுக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே சுற்றிக்கொள்ளும்.

வேண்டிய நீளம் போனதும் நிறுத்தி, என்ஜினைப் பின்னோக்கி முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் ஓட்டுங்கள். இப்போது முன்முனையில் இருப்பவர், சங்கிலி ஓடும் உருளைக்கு வெளியே, நீர் பக்கமாகத் தொங்கும் சங்கிலியின் மேல் உள்ளங்காலையோ கையையோ லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். விரல் உருளைக்கும் சங்கிலிக்கும் நடுவே போகாமல் கவனம். நங்கூரம் தரையில் இழுபட்டால் கடகடவென்ற நடுக்கம் சங்கிலி வழியே ஏறி வரும். பிடித்துவிட்டால் சங்கிலி விறைத்து, ஒரு முறை நீண்டு, சத்தமில்லாமல் நிற்கும். இந்த வேறுபாட்டை ஒரு முறை உணர்ந்தவருக்கு மறக்காது. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம்.

பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு பாறையும் அதற்குப் பின்னால் ஒரு மரமும் போல. படகின் பக்கவாட்டில் இருப்பதாகப் பாருங்கள். அரை மணி கழித்தும் அவை ஒரே கோட்டில் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். பிடிக்கவில்லை என்றால் எடுத்து மறுபடி போடுங்கள். பக்கத்துப் படகுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். அவர்களும் பார்வையாளர்களாக இருந்து அலுத்தவர்கள்தான்.

பகலில் நங்கூரமிட்டிருப்பதைக் காட்ட முன்பகுதியில் ஒரு கருப்புப் பந்தும், இரவானால் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கும் ஏற்ற வேண்டும் என்பது சர்வதேச விதி.

பக்கத்தில் வேறு படகு வந்து நெருங்கி நின்றால்?

முதலில் வந்தவருக்குத்தான் உரிமை. பிறகு வந்தவர் அவர் சுழலும் வட்டத்துக்கு வெளியே போட வேண்டும். 35 மீட்டர் சங்கிலியும் 10 மீட்டர் படகும் சேர்ந்தால் வட்டத்தின் ஆரமே 45 மீட்டர் வரை வரும். நெருங்கி வருபவரிடம் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறீர்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், குழந்தைகள் முன் சண்டை போடுவதைவிட நீங்களே இடம் மாறுவது மேல்.

குழந்தைகளுக்கு எந்த உயிர்காப்பு அங்கி?

எடைக்கு ஏற்றது, "வளர்ந்தால் பொருந்தும்" என்று பெரிதாக வாங்கக் கூடாத ஒரே உடை இது. மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பும் வகை வேண்டும். மிதப்பு விசை 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதவை உதவி மட்டுமே. கால்களுக்கு நடுவே போகும் பட்டை கட்டாயம். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது நீரில் குழந்தையை விட்டுவிடும்.

குழந்தைகளைச் சம்மதிக்கவைக்க ஒரு வழிதான் உண்டு. பெரியவர்களும் எப்போதும் போட்டிருக்க வேண்டும்.

வாந்தி வராமல் தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு ஆட்டத்தைச் சொல்கிறது. கண்ணோ அறையின் அசையாத சுவரைக் காட்டுகிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரள்கிறது. அதனால் கீழே அறைக்குள் இறங்குவதும், புத்தகம் கைபேசி பார்ப்பதும்தான் முதல் எதிரிகள். மேலே, படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இது அரிது; பள்ளிப் பருவத்தினர்தான் அதிகம் அவதிப்படுவார்கள்.

மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்; குமட்டல் தொடங்கிய பிறகு பயன் குறைவு. பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், சில குழந்தைகளுக்குக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே ஆகாது.

வரப்போவதற்கான அடையாளங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: திரும்பத் திரும்பக் கொட்டாவி, வாயாடிப் பிள்ளை மௌனமாவது, வெளிறிய முகம், நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அந்த நேரத்தில் சுக்கானை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். அடுத்த அசைவை முன்கூட்டியே எதிர்பார்க்கும் உடலுக்குக் குமட்டல் குறைகிறது. ஓட்டுநருக்கு வாந்தி வருவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அப்படியும் வந்துவிட்டால் விளிம்பில் குனிய விடாதீர்கள். வாளி கொடுங்கள்.

படகு சாய்ந்தால் கவிழ்ந்துவிடாதா?

அடியில் கனமான எடை கட்டிய ஒற்றை உடல் படகு சாயச் சாய இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பாய் படுத்துக்கொள்வதால் அதில் காற்று பிடிப்பது குறைகிறது. அடியிலுள்ள எடை ஒதுங்கி மேலும் பலமாக நிமிர்த்துகிறது. சாதாரணப் பகல் காற்றில் கவிழும் பேச்சே இல்லை. ஆனால் பயந்தவரிடம் இந்தப் பாடத்தை நடத்தாதீர்கள், பாயைச் சுருக்குங்கள். இருபது பாகைக்கு மேல் சாய்ந்து ஓடினால் படகுக்கு வேகமும் கூடுவதில்லை.

இரட்டை உடல் படகு சாயாது. அது வசதிதான், ஆனால் சாய்வு என்ற எச்சரிக்கையும் அங்கே கிடையாது. காற்றுமானியின் எண்ணைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும்.

பாய் ஓடும்போது மிக ஆபத்தான இடம் எது?

பெரிய பாயின் அடியில் கிடையாக ஆடும் கட்டை, பூம். காற்று பின்னாலிருந்து வரும்போது படகு சற்றுத் திரும்பினாலே அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசி அடிக்கும். குடும்பத்தோடு போகும் நாளில் நேர் பின்காற்றில் ஓடாமல் சற்று ஒருக்களித்து ஓடுங்கள். அல்லது பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயில் மட்டும் வாருங்கள். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

நங்கூரமிட்ட இடத்தில் குதித்து நீந்தலாமா?

என்ஜின் முழுவதும் அணைந்து, சாவி கழற்றிய பிறகு. கியர் நடுநிலையில் இருந்தாலும் போதாது. ஓடும் என்ஜினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எல்லோரும் ஏறும் பின்படிக்கட்டில்தான் தேங்கும்.

முதலில் ஏணியை இறக்குங்கள். பிறகு மிதக்கும் கயிறு ஒன்றின் முனையில் மிதவை கட்டிப் பின்னால் விடுங்கள். கயிறு நேராக நீண்டு விறைத்தால் நீரோட்டம் இருக்கிறது. ஒரு நாட் ஓட்டம் என்பது நிமிடத்துக்கு முப்பது மீட்டர். சாதாரண நீச்சல்காரர் எதிர்த்து நீந்தித் திணறிப்போவார். ஓட்டம் இருந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் விளையாட வேண்டும். ஒரு பெரியவர் படகிலேயே நின்று, வேறு வேலை எதுவும் செய்யாமல், தலைகளை எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

சிறு படகில் கரைக்குப் போவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பெரிய படகில் எல்லாக் கட்டுப்பாடும் பின்பற்றியவர்கள் சிறு ரப்பர் படகில் ஏறியதும் தளர்ந்துவிடுகிறார்கள். ஏழு பேரை ஒரே நடையில் ஏற்றுவதும், அங்கியைக் கழற்றுவதும் இங்கேதான் நடக்கிறது. இரண்டு நடையாகப் போங்கள். இயந்திரத்தை அணைக்கும் கயிறு ஓட்டுபவரின் காலில் மாட்டியிருக்க வேண்டும். துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஏற்றக்கோட்டுக்கு மேலே இழுத்து வைத்துக் கட்டுங்கள்.

யாராவது கடலில் விழுந்துவிட்டால்?

5 நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் கடந்துவிடும். அலைக்கு நடுவே ஒரு தலை அந்தத் தூரத்தில் தெரிவது கடினம். அதனால் கத்துவது, மிதவளையம் எறிவது, விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டிக் கண்ணை எடுக்காமல் நிற்பது ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். சுட்டிக்காட்டும் வேலையைக் குழந்தைக்கும் கொடுக்கலாம். படகைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். என்ஜினைப் போடும் முன்பு நீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஆள் அருகில் வந்ததும் நடுநிலை.

ஓட்டத் தெரிந்தவரே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது பலர் கேட்க மறக்கும் கேள்வி. இரண்டாவது பெரியவர் ஒருவருக்கு என்ஜினைப் போடவும், பாயை இறக்கவும், வானொலியில் உதவி கேட்கவும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். படகுகளின் விஎச்எப் வானொலியில் 16-ஆம் அலைவரிசை. உயிராபத்து அழைப்பான "மேடே" என்ற சொல் மூன்று முறை. படகின் பெயர், இருக்கும் இடம், நடந்தது என்ன, எத்தனை பேர். இந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது.

எதிரே படகு வந்தால் யார் விலக வேண்டும்?

1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்வது: இரண்டு பாய்மரப் படகுகளில், இடப்புறமாகக் காற்று வாங்குவது வலப்புறமாக வாங்குவதற்கு வழி விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்றுக்கு மேற்புறம் இருப்பது விலக வேண்டும். முந்துபவர் யாராக இருந்தாலும் விலகிப் போக வேண்டும். இயந்திரப் படகு பாய்மரத்துக்கு வழி விட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குறுகிய கால்வாயில் மட்டுமே போகக்கூடிய பெரிய கப்பலுக்கு நீங்கள் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. 20 நாட் வேகக் கப்பல் ஒரு மைலை மூன்றே நிமிடத்தில் கடக்கும்.

மோதுமா என்று அறிய, எதிர்ப்படகைப் படகு விளிம்பின் ஒரு கம்பிக்கு நேராக வைத்துப் பாருங்கள். நீங்கள் திசை மாறாமல் போகும்போது அது அதே கம்பிக்கு நேராகவே இருந்து பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதப் போகிறீர்கள்.

முதியவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. கடினம் ஓட்டத்தில் இல்லை, ஏறி இறங்குவதில்தான். ஆடும் சிறு படகுக்கு மாறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேதனை. அவர்கள் நங்கூரமிட்ட படகிலேயே நிழலில் இருக்கும்படி திட்டமிடுங்கள். கழிவறைப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். கூச்சத்தால் கேட்காமல், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. வெயிலில் அதுதான் பெரிய கேடு.

காற்று இல்லாதபோது என்ஜினில் ஓடுவது ஏமாற்று வேலையா?

இல்லை. வேகம் 3 நாட்டுக்குக் கீழே இறங்கி, குழந்தைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று மூன்றாவது முறை கேட்டால் சாவியைத் திருப்புங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

பாதியில் திரும்ப எப்போது முடிவெடுப்பது?

படகில் மிகவும் பயந்த ஒருவர் போதும் என்று சொல்லும்போது. அவரைச் சமாதானப்படுத்தி இன்னொரு தீவைப் பார்த்துவிடலாம். ஆனால் அவர் இனி கடலுக்கு வரமாட்டார். இரண்டாவது தீவைத் திட்டத்தில் "முடிந்தால்" என்று எழுதி வைத்தால், கைவிடும்போது யாருக்கும் தோற்ற உணர்வு இருக்காது.

கரையில் யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

நம்பகமான ஒருவரிடம், எழுத்தில்: படகின் பெயரும் நிறமும், எத்தனை பேர், எந்தெந்தத் தீவு, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் கடலோர மீட்புப் படையை அழைக்க வேண்டும். திட்டம் மாறினால் கைபேசித் தொடர்பு கிடைக்கும் இடத்திலிருந்து அவருக்குத் தெரிவியுங்கள். திரும்பி வந்ததும், படகைக் கட்டிய கையோடு, முதல் அழைப்பு அவருக்குத்தான். மறந்துவிட்டால் நீங்கள் வீட்டில் தூங்கும்போது உங்களைத் தேடி மீட்புப் படகு ஒன்று இருட்டில் கிளம்பும்.